ழான் அந்துவான் கரெல்

ழான் அந்துவான் கரெல் (1829 – ஆகஸ்ட் 1890) ஆல்ப்ஸ் மலைத்தொடரைச் சேர்ந்த புகழ்பெற்ற இத்தாலிய மலை வழிகாட்டி ஆவார். மேட்டர்ஹார்ன் சிகரத்தை இத்தாலியப் பக்கத்திலிருந்து முதன்முதலில் ஏறி முடித்தவர் இவரே. 1879–1880 ஆம் ஆண்டுகளில் ஆங்கிலேய மலையேறுநர் எட்வர்ட் விம்பருக்கு வழிகாட்டியாகத் தென் அமெரிக்காவின் எக்குவடோர் நாட்டிற்குச் சென்று, பனியாறுகள் போர்த்திய எரிமலையான சிம்போராசோவின் உச்சியை முதன்முதலில் அடைந்த மூவரில் ஒருவரானார். தம்மை நம்பி வந்த பயணியைப் புயலிலிருந்து மீட்டு, மலையின் அடிவாரத்திற்குக் கொண்டுவந்து சேர்த்த அதே இரவில், தமது 61 ஆம் வயதில் அங்கேயே உயிர் நீத்தார்.

மலையேற்ற வரலாற்று நூல்களில் உச்சியை அடைந்த பயணியின் பெயரே பெரும்பாலும் முன்னால் நிற்கும். கூலி பெற்றுக்கொண்டு வழி காட்டியவரின் பெயர் அடுத்த வரியில் வரும், அல்லது வராமலே போகும். கரெல் இந்த வழக்கத்திற்கு ஒரு விதிவிலக்கு. அதற்கு அவருடைய திறமை மட்டும் காரணம் அன்று. மலை தமக்கும் உரியது என்று அவர் வாழ்நாள் முழுவதும் எண்ணியதும், அதனால் தமக்குக் கூலி தந்தவர்களுடன் அவருக்கு அடிக்கடி ஏற்பட்ட உரசல்களும் காரணமாகும்.

இளமைக்காலம்

கரெல் 1829 ஆம் ஆண்டில் அவோஸ்தா பள்ளத்தாக்கின் ஒரு கிளையில் உள்ள வால்தூர்னான்ஷ் என்னும் மலைக்கிராமத்தில் பிறந்தார். அக்காலத்தில் இப்பகுதி சார்தீனிய இராச்சியத்தின் கீழ் இருந்தது. இத்தாலி என்ற ஒன்றிணைந்த நாடு இன்னும் உருவாகவில்லை. பள்ளத்தாக்கின் மக்கள் பேசியது பிரெஞ்சு மொழிக்கு நெருங்கிய ஒரு வட்டார மொழி. இவருடைய பெயர் பிரெஞ்சுப் பெயராக அமைந்திருப்பதற்கு இதுவே காரணம்.

இளமையில் பெர்சலியேரி எனப்படும் துப்பாக்கி வீரர் படையில் சேர்ந்து, 1849 இல் நொவாரா போரிலும் 1859 இல் சொல்பெரினோ போரிலும் பங்கேற்றார். ஊர் திரும்பிய பின்னரும் படைவீரரின் மிடுக்கும் பிடிவாதமும் அவரை விட்டு நீங்கவில்லை. பெர்சலியேரி என்பதே அவருடைய பட்டப்பெயராகவும் நிலைத்தது.

வால்தூர்னான்ஷுக்கு மேலே புரூய் என்னும் மேய்ச்சல் நிலத்தின் தலைமாட்டில் 4,478 மீட்டர் உயரமுள்ள மேட்டர்ஹார்ன் நிற்கிறது. பள்ளத்தாக்கு மக்கள் அதனை ஏற முடியாத மலையாகவே கருதி வந்தனர். 1857 ஆம் ஆண்டில் கரெலும், ழான் ழாக் கரெல் என்ற அவருடைய உறவினரும், குருத்துவ மாணவராக இருந்த அமே கொரேயும் சேர்ந்து, தக்க கருவிகள் எவையும் இன்றி அதன் தென்மேற்கு முகட்டில் உள்ள சிங்கத்தலை என்னும் பாறை வரை ஏறினர். இவர்களை எவரும் கூலிக்கு அமர்த்தவில்லை. எந்தச் சங்கமும் அனுப்பவில்லை. ஆல்ப்ஸில் பெரும்பாலான ஏற்றங்கள் வெளிநாட்டுச் செல்வந்தர்களின் விருப்பத்தால் நடந்த காலத்தில், உள்ளூர் மக்கள் தாங்களாகவே ஒரு பெருமலைக்கு முயன்றது அரிதான நிகழ்வாகும்.

மேட்டர்ஹார்ன் போட்டி

1861 ஆம் ஆண்டில் இலண்டனைச் சேர்ந்த மரச்செதுக்கு ஓவியரான எட்வர்ட் விம்பர் இப்பள்ளத்தாக்கிற்கு வந்தார். அப்போது அவருக்கு வயது 21. மலையேறத் தகுதியான வழிகாட்டி யார் என்று விசாரித்தபோது அனைவரும் கரெலையே சுட்டினர். தம் தோழரையும் சேர்த்து அமர்த்தினால்தான் வருவேன் என்று கரெல் நிபந்தனை விதிக்க, விம்பர் மறுத்துவிட்டார். பேச்சு முறிந்தது. விம்பர் வேறொரு வழிகாட்டியுடன் புறப்பட, கரெலும் ழான் ழாக்கும் தனியாக ஏறி, அவரைவிட உயரமான இடத்தை அடைந்தனர். அங்கே ஒரு பாறையில் கரெல் தம் பெயரின் முதலெழுத்துகளையும் நாளையும் பொறித்து வைத்தார்.

அடுத்த ஆண்டு விம்பர் கரெலை அமர்த்திக்கொண்டு முயன்றார். வானிலை இடம் தரவில்லை. மற்றொரு முறை விம்பர் காத்திருந்தபோது கரெல் வரவே இல்லை. மர்மாட் என்னும் மலை அணிலை வேட்டையாட அன்று நல்ல நாள் என்று அவர் வேட்டைக்குச் சென்றுவிட்டார். விம்பருக்கு இது பெரும் எரிச்சலைத் தந்தது. ஆனால் மலைக்கிராமத்து வாழ்க்கையில் வேட்டையும் ஒரு வருவாய். வெளிநாட்டவரின் கால அட்டவணையைவிட அது முக்கியமாகத் தோன்றியதில் வியப்பில்லை.

அதே 1862 இல் ஆங்கிலேய இயற்பியலாளர் ஜான் டிண்டால், சுவிட்சர்லாந்து வழிகாட்டியான பென்னனின் தலைமையில் வந்தார். கரெல் அக்குழுவில் சுமைதூக்கியாக மட்டுமே சேர்த்துக்கொள்ளப்பட்டார். இன்று டிண்டால் முனை என அழைக்கப்படும் தோளுக்கு அப்பால் ஒரு வெட்டுப்பள்ளம் குறுக்கிட்டது. மேலே செல்லலாமா என்று டிண்டால் கேட்டபோது, தாம் சுமைதூக்கி மட்டுமே என்றும், வழிகாட்டிகளைக் கேட்டுக்கொள்ளுமாறும் கூறிக் கரெல் விலகிக்கொண்டார். குழு திரும்பியது. கரெல் வேண்டுமென்றே மௌனம் காத்தாரா என்பது அக்காலத்தில் பெரிதும் பேசப்பட்டது. தமக்குரிய மதிப்பைத் தராதவருக்குத் தமது மலையைக் காட்டிக்கொடுக்க அவர் விரும்பவில்லை என்றே கொள்ளத் தோன்றுகிறது.

1863 இல் தூரின் நகரில் இத்தாலிய ஆல்ப்ஸ் சங்கம் தோன்றியது. அதன் நிறுவனர்களுள் ஒருவரான குவின்டினோ செல்லாவும், பொறியாளர் பெலிச்சே ஜோர்டானோவும், புதிதாகப் பிறந்த இத்தாலியின் பெயரால் மேட்டர்ஹார்ன் ஏறப்பட வேண்டும் என விரும்பினர். 1865 ஜூலையில் ஜோர்டானோ கரெலை இரகசியமாக அமர்த்தினார். மதிப்புமிக்க ஒரு குடும்பத்துடன் செல்ல வேண்டியிருப்பதாக விம்பரிடம் கூறிக் கரெல் விலகினார். உண்மையை அறிந்த விம்பர் மலையைக் கடந்து சுவிட்சர்லாந்தின் செர்மாட் நகருக்கு விரைந்து, அங்கே கிடைத்தவர்களைச் சேர்த்துக்கொண்டு வடகிழக்கு முகட்டின் வழியே ஏறி, ஜூலை 14, 1865 அன்று பிற்பகல் உச்சியை அடைந்தார். அப்போது கரெலின் குழு தென்மேற்கு முகட்டில் வெகுதொலைவு கீழே இருந்தது. விம்பரும் வழிகாட்டி மிஷேல் குரோவும் மேலிருந்து கற்களை உருட்டித் தங்கள் வெற்றியை அறிவித்தனர். கரெல் திரும்பிவிட்டார். விம்பரின் குழுவில் நால்வர் இறங்கும்போது விழுந்து இறந்தது அவருக்கு அப்போது தெரியாது.

உச்சியில் ஆட்களைத் தொலைவிலிருந்து கண்ட ஜோர்டானோ, அவர்கள் தம்மவர்களே என்று எண்ணி மகிழ்ந்திருந்தார். கரெல் இறங்கி வந்த பிறகே உண்மை தெரிந்தது. மீண்டும் முயலுமாறு வற்புறுத்தப்பட்டபோது கரெல் இணங்கினார். ஆனால் உடன் வர விரும்பிய ஜோர்டானோவை அழைத்துச் செல்ல மறுத்துவிட்டார். தெரியாத பாறையில், கூலி தரும் பயணி ஒருவரின் உயிருக்குத் தாம் பொறுப்பேற்க இயலாது என்பது அவருடைய நிலைப்பாடு. ஜூலை 17 அன்று கரெலும் ழான் பத்தீஸ்து பிக்கும் உச்சியை அடைந்தனர். அமே கொரேயும் ழான் ஒகுஸ்தென் மெய்னேயும் உச்சிக்குச் சற்றே கீழே நின்று, அவர்கள் திரும்பி வரும் வழியைக் காத்தனர்.

விம்பர் வென்ற பாதையைவிட இப்பாதை கடினமானது. ஆயினும் மூன்று நாட்கள் பிந்தியதால் முதல் ஏற்றம் என்ற பெயர் கரெலுக்குக் கிட்டவில்லை. பிற்காலத்தில் அவர் இப்பாதையில் பயணிகளை அழைத்துச் சென்றார். 1868 இல் ஜோர்டானோவும் அவருடன் ஏறி உச்சியைக் கண்டார். 1874 இல் விம்பர் மீண்டும் மேட்டர்ஹார்ன் ஏறியபோது கரெலையே வழிகாட்டியாக அமர்த்தினார். போட்டியாளர்களாக இருந்த இருவரும் இவ்வாறு பயணியும் வழிகாட்டியும் ஆயினர்.

எக்குவடோர் பயணம்

சிம்போராசோ எக்குவடோரின் மிக உயரமான மலை. இது ஓர் எரிமலை. உயரம் சுமார் 6,260 மீட்டர். புவி நடுக்கோட்டுப் பகுதியில் சற்றே புடைத்திருப்பதால், கடல் மட்டத்திலிருந்து அன்றி புவியின் மையத்திலிருந்து அளந்தால், எவரெஸ்ட்டைவிட இதன் உச்சியே தொலைவானது. 1802 இல் அலெக்சாண்டர் வான் ஹம்போல்ட்டும், 1831 இல் பிரெஞ்சு அறிவியலாளர் பூசிங்கோவும் இதில் ஏற முயன்று உச்சிக்குக் கீழேயே திரும்பினர். உலகின் மிக உயரமான மலை இதுவே என்று ஒரு காலத்தில் கருதப்பட்டதால் இதன் புகழ் ஐரோப்பா எங்கும் பரவியிருந்தது.

விம்பரின் நோக்கம் உச்சியை அடைவது மட்டும் அன்று. உயரமான இடங்களில் மனிதருக்கு ஏன் மூச்சுத் திணறலும் தலைவலியும் ஏற்படுகின்றன, அந்த உயரத்தில் தங்கிப் பழகினால் அவை நீங்குமா என்பதை அறிய விரும்பினார். அதற்கு மலையிலேயே பல நாட்கள் தங்க வேண்டும். முகாம்களுக்குப் பொருள்களைக் கொண்டுசேர்க்க வேண்டும். உடையாமல் பாதரசக் காற்றழுத்தமானிகளைச் சுமந்து செல்ல வேண்டும். இப்பணிக்கு அவர் தெரிவு செய்தது கரெலையும், கரெலின் உறவினரான லூயி கரெலையும். ஒருமுறை தம்மை ஏமாற்றியவர் என்று கருதத்தக்க ஒருவரையே, உலகின் மறுகோடியில் தம் உயிரை ஒப்படைக்கத் தகுந்தவராக விம்பர் எண்ணினார்.

1879 டிசம்பரில் மூவரும் குவாயாகில் துறைமுகத்தை அடைந்து, கோவேறு கழுதைகளுடன் குவாரண்டா என்னும் ஊருக்குச் சென்றனர். முகாமிடும் இடத்தை ஆராயக் கரெல்கள் இருவரும் முன்னதாக மலைக்கு அனுப்பப்பட்டனர். புதிய மலையில் வழிகாட்டியின் வேலை இதுதான். ஆல்ப்ஸில் கரெலுக்கு ஒவ்வொரு பாறையும் தெரியும். இங்கே வரைபடமும் இல்லை, முன்னர் உச்சிவரை சென்று வந்த எவரும் இல்லை. பனியாற்றின் நிறத்தையும் சரிவையும் பார்த்து, எங்கே பிளவு மறைந்திருக்கும், எங்கே பனி நழுவும் என்று கணிக்கும் பழக்கம் மட்டுமே கைமுதல்.

இரண்டாம் முகாம் 16,664 அடி உயரத்தில் அமைக்கப்பட்டது. அங்கு சென்று சேர்ந்தவுடன் விம்பரும் கரெல்கள் இருவரும் படுத்துவிட்டனர். காய்ச்சல், கடும் தலைவலி, வாயைத் திறந்தே மூச்சு வாங்க வேண்டிய நிலை. குழுவிற்கு மொழிபெயர்ப்பாளராக வந்த பெர்ரிங் என்ற ஆங்கிலேயர் மலையேற்றப் பழக்கம் இல்லாதவர், வலிமையானவரும் அல்லர். வியக்கத்தக்க வகையில் அவர் ஒருவர் மட்டும் நலமாக இருந்தார். உயர நோய் உடல் வலிமையைப் பார்த்து வருவதில்லை என்பது இன்று நன்கு அறியப்பட்ட செய்தி. அன்று ஆல்ப்ஸின் மிகச் சிறந்த வழிகாட்டிகள் படுத்திருக்க, மொழிபெயர்ப்பாளர் நடமாடியது எவருக்கும் விளங்காத புதிராக இருந்தது.

விம்பர் பொட்டாசியம் குளோரேட்டு என்னும் மருந்தை உட்கொண்டார். கரெல் அதனைத் தொட மறுத்தார். எல்லா நோய்க்கும், மூச்சுத் திணறலுக்கும்கூட, சர்க்கரையும் நறுமணப் பொருளும் சேர்த்துச் சூடாக்கிய திராட்சை மதுவே மருந்து என்பது அவருடைய உறுதியான நம்பிக்கை. இரண்டுமே நோயைத் தீர்க்கக்கூடியவை அல்ல என்பதை இன்று அறிவோம். காற்றழுத்தம் குறைவதால் நுரையீரலுக்குக் கிடைக்கும் உயிர்வளியின் அழுத்தம் குறைவதே காரணம் என்று பிரெஞ்சு உடலியலாளர் போல் பேர் 1878 இலேயே நிறுவியிருந்தார். தங்கிப் பழகுவதே மருந்து. அந்தச் சில நாட்களில் குழுவினருக்கு நடந்ததும் அதுவே.

கரெல்கள் முதலில் தேறினர். விம்பர் முகாமில் இருக்க, இருவரும் மேலே சென்று சுமார் 19,000 அடி வரை பாதையை ஆராய்ந்து, களைத்துச் சோர்ந்து திரும்பினர். அதன் பிறகு 17,285 அடியில் மூன்றாம் முகாம் அமைக்கப்பட்டது. ஜனவரி 3, 1880 அன்று உச்சிக்குப் புறப்பட்டவர்களைக் கடுங்காற்று திருப்பி அனுப்பியது.

ஜனவரி 4 அன்று அதிகாலை 5.40 மணிக்கு மீண்டும் புறப்பட்டனர். முற்பகல் வரை ஏற்றம் நன்றாகவே நடந்தது. சிம்போராசோவின் மேற்பகுதியில் வட்டமான இரு பனிக்குவடுகள் உள்ளன. நடுவே ஓர் அகன்ற பனிச் சமவெளி. இச்சமவெளியை அடைந்தபோது பனி திடீரென்று மென்மையாகி, இடுப்பளவு ஆழத்திற்குக் கால்கள் புதைந்தன. முன்னால் செல்பவர் பனியை அடித்து அமுக்கிப் பாதை செய்ய, மற்றவர்கள் கைகளையும் முழங்கால்களையும் ஊன்றித் தவழ்ந்து வந்தனர். சில நூறு அடிகளைக் கடக்க மணிக்கணக்கில் ஆனது. மேற்குக் குவட்டிற்கு அருகே சென்ற பின்னரே மற்றக் குவடு அதைவிட உயரமானது என்று தெரிந்தது. இறங்கி, அதே புதைபனியை மீண்டும் கடந்து, பிற்பகல் 3.45 மணிக்கு உண்மையான உச்சியை அடைந்தனர். காற்றழுத்தமானி சுமார் 14 அங்குலம் காட்டியது. கடல் மட்டத்தில் அது 30 அங்குலம் இருக்கும். அதாவது, அங்கே ஒரு மூச்சில் கிடைக்கும் காற்று பாதிக்கும் குறைவு.

அந்த நேரத்தில் உச்சியில் நிற்பது எவ்வளவு இடர் மிக்கது என்பதைக் கருத வேண்டும். நடுக்கோட்டுப் பகுதியில் மாலை ஆறு மணிக்கெல்லாம் இருட்டிவிடும். ஆல்ப்ஸின் கோடைக்காலத்தைப் போல நீண்ட மாலைப் பொழுது கிடையாது. பாதித் தொலைவிலேயே இருள் சூழ்ந்தது. சுமார் 16 மணி நேரம் நடந்து இரவு ஒன்பது மணியளவில் முகாம் சேர்ந்தனர். மூவரும் உயிரோடு திரும்பினர் என்றாலும் லூயியின் கால்கள் உறைபனியால் கடுமையாகப் பாதிக்கப்பட்டு, அவர் பல வாரங்கள் நடக்க இயலாமல் இருந்தார்.

பனி மூடிய எரிமலைகளில் இன்று நடைபெறும் வழிகாட்டிப் பயணங்கள் நள்ளிரவிலேயே புறப்படுவதற்குக் காரணம் இதுவே. செங்குத்தாக அடிக்கும் வெயிலில் காலை ஒன்பது, பத்து மணிக்குள் மேற்பரப்பு இளகத் தொடங்கும். பனிப்பிளவுகளை மூடியுள்ள பனிப்பாலங்கள் வலுவிழக்கும். உறைபனியில் பிடிபட்டிருந்த கற்கள் விடுபட்டு உருளும். எரிமலையின் சரிவு பார்வைக்கு எளிது. மேட்டர்ஹார்னைப் போல் கைப்பிடி தேடிப் பாறையில் தொங்க வேண்டியதில்லை. ஆனால் இடர் கண்ணுக்குத் தெரிவதில்லை என்பதால், புதியவர்கள் ஏமாறுவது இங்கேதான். கரெலின் குழு விடியற்காலையில் புறப்பட்டது ஆல்ப்ஸ் வழக்கத்திற்குப் பொருந்தும். நடுக்கோட்டு மலைக்கு அது காலம் கடந்த புறப்பாடு. பின்னர் ஏறியவர்கள் இதனை அனுபவத்தால் கற்றனர். முதலில் சென்றவர்களுக்குக் கற்பிக்க எவரும் இல்லை.

கொட்டோபாக்சியில் ஓர் இரவு

உயிருள்ள எரிமலைகளுள் மிக உயரமானவற்றில் ஒன்று கொட்டோபாக்சி. 5,897 மீட்டர் உயரமுள்ள இதன் உச்சியை 1872 இல் செருமானியரான வில்கெல்ம் ரைசு, ஆங்கெல் எசுகோபார் என்பவருடன் முதலில் அடைந்திருந்தார். 1877 ஜூன் மாதத்தில் இது வெடித்தபோது பனியாறுகள் உருகிச் சேற்றுவெள்ளமாகப் பாய்ந்து பள்ளத்தாக்குகளில் பெரும் அழிவை ஏற்படுத்தின. அந்த வெடிப்பு நிகழ்ந்து மூன்று ஆண்டுகள் நிறைவடையும் முன்னரே, 1880 பிப்ரவரி 18 அன்று விம்பரும் கரெல்களும் அதன் உச்சியை அடைந்து, எரிமலை வாயின் விளிம்பிற்குச் சற்றுக் கீழே சாம்பல் சரிவில் கூடாரம் அடித்து ஓர் இரவு தங்கினர்.

கூடாரத்தின் தரைவிரிப்பு இரப்பரால் ஆனது. சற்று நேரத்தில் இரப்பர் கருகும் மணம் வந்தது. வெப்பமானியை வைத்துப் பார்த்தபோது கூடாரத்தின் ஒரு பக்கத் தரையில் 110 பாகை பாரன்ஃகைட்டு, மறுபக்கத்தில் 50 பாகை மட்டுமே. ஒரே கூடாரத்தில் ஒருவர் வியர்க்க மற்றவர் நடுங்க வேண்டிய நிலை. இருட்டிய பிறகு எரிமலை வாயைக் காண விரும்பிய விம்பர், முன்னதாகக் கட்டி வைத்திருந்த கயிற்றைப் பற்றி மேலே சென்று விளிம்பில் குப்புறப் படுத்து உள்ளே எட்டிப் பார்த்தார். பின்னாலிருந்து அவருடைய கால்களை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தவர் கரெல். கீழே செந்தணலாக ஒளிர்ந்த ஆழத்தை விம்பர் பின்னர் தம் நூலில் விரிவாக எழுதினார். கால்களைப் பிடித்திருந்தவர் என்ன கண்டார் என்பது எங்கும் பதிவாகவில்லை. வழிகாட்டியின் கண் அந்நேரத்தில் எரிமலையின் மேல் இருந்திருக்க வாய்ப்பில்லை.

தொடர்ந்து வந்த மாதங்களில் அந்திசானா, கயம்பே முதலிய பனி மலைகளின் முதல் ஏற்றங்களை இக்குழு செய்து முடித்தது. இவற்றுள் இலினிசா தனித்துக் குறிப்பிடத்தக்கது. விம்பரும் கரெல்களும் அதில் முயன்று தோற்றுத் திரும்பியிருந்தனர். 1880 மே மாதத்தில் விம்பர் உடன் இல்லாதபோது, கரெல்கள் இருவர் மட்டும் சென்று தெற்கு இலினிசாவின் உச்சியை முதன்முதலாக அடைந்தனர். விம்பர் அந்த உச்சியைக் கடைசிவரை அடையவில்லை. கூலிக்கு வந்த வழிகாட்டிகள், பயணி இன்றித் தாங்களே ஏறிய முதல் ஏற்றம் இது. 1857 இல் சிங்கத்தலையில் தொடங்கிய பழக்கம் கரெலை இன்னும் விடவில்லை எனலாம்.

இரண்டாம் முறை சிம்போராசோ

சிம்போராசோவை ஏறிவிட்டதாக விம்பர் கூறியதை எக்குவடோரில் பலர் நம்பவில்லை. இவர்கள் மலைகளில் புதையல் தேடுகிறார்கள் என்ற பேச்சும் மக்களிடையே இருந்தது. உள்ளூர்ச் சான்று ஒன்று தேவை என உணர்ந்த விம்பர், 1880 ஜூலை 3 அன்று வடமேற்குப் பக்கத்திலிருந்து மீண்டும் ஏறினார். இம்முறை கரெல்களுடன் தாவீது பெல்திரான், பிரான்சிஸ்கோ கம்பாஞா என்ற எக்குவடோர் நாட்டினர் இருவரும் இருந்தனர். கயிற்றில் கட்டுண்டு பனியாற்றில் நடந்து பழகாத இவ்விருவரையும் உச்சிவரை அழைத்துச் சென்று, கீழே இறக்கிய பொறுப்பு கரெல்களுடையது. இன்றைய வழிகாட்டிப் பயணத்தை ஒத்தது முதல் ஏற்றத்தைவிட இந்த இரண்டாம் ஏற்றமே ஆகும்.

அன்று காலை ஏறிக்கொண்டிருந்தபோது, தொலைவில் கொட்டோபாக்சி வெடிப்பதைக் கண்டனர். ஒரு நிமிடத்திற்கும் குறைவான நேரத்தில் கரும்புகை 20,000 அடி எழுந்ததாக விம்பர் மதிப்பிட்டார். காற்று அதனைச் சிம்போராசோவை நோக்கித் தள்ளியது. பிற்பகல் அவர்கள் உச்சியில் நின்றபோது நுண்ணிய சாம்பல் பொழிந்து வெண்பனியைக் கருமையாக்கியது. கண்ணிலும் வாயிலும் கருவிகளிலும் சாம்பல் புகுந்த நிலையில் ஐவரும் இறங்கினர். பின்னர் குவாயாகிலில் பிரித்தானியத் தூதரக அலுவலர் முன்னிலையில் கம்பாஞா உறுதிமொழி வாக்குமூலம் அளித்தார். மலையேற்றத்திற்கு இவ்வாறு ஆவணச் சான்று பெறப்பட்டது புதுமையானது.

இப்பயணத்தைப் பற்றிய விம்பரின் நூல் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1892 இல் பரவலாக வெளிவந்தது. அதனைப் பார்க்கக் கரெல் உயிரோடு இல்லை.

இறுதிப் பயணம்

எக்குவடோரிலிருந்து திரும்பிய கரெல் மீண்டும் தம் கிராமத்தில் வழிகாட்டியாகப் பணியாற்றினார். 1890 ஆகஸ்ட் 23 அன்று, தூரினைச் சேர்ந்த லியோனே சினிகாலியா என்ற 22 வயது இளைஞரை அழைத்துக்கொண்டு மேட்டர்ஹார்னுக்குப் புறப்பட்டார். உடன் வந்த மற்றொரு வழிகாட்டி சார்ல் கொரே. இத்தாலியப் பக்கத்திலிருந்து ஏறி, செர்மாட் பக்கம் இறங்குவது திட்டம். சினிகாலியா பிற்காலத்தில் புகழ்பெற்ற இசையமைப்பாளராக விளங்கியவர்.

முகட்டின் மேல் இருந்த குடிலை அவர்கள் அடைந்ததும் வானிலை மாறியது. இடியும் மின்னலும் கூடிய பனிப்புயல் அவர்களைக் குடிலுக்குள் அடைத்தது. குளிரும் காற்றும் ஓயவில்லை. உணவும் விறகும் குறைந்துகொண்டே வந்தன. ஆகஸ்ட் 25 காலையில், காத்திருப்பதைவிட இறங்குவதே நல்லது என்று முடிவு செய்தனர். பாறைகளில் பனி படிந்து, நிலையாகக் கட்டப்பட்டிருந்த கயிறுகள் உறைந்து கம்பிபோல் விறைத்திருந்தன. வழக்கமாகச் சில மணி நேரத்தில் இறங்கக்கூடிய தொலைவு அன்று நாள் முழுவதும் எடுத்தது. கரெல் இறங்கும் வரிசையை வகுத்து, ஒவ்வோர் இடத்திலும் பாதையைத் தேடி, இருவரையும் நடத்தினார். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக அறிந்த பாறை அது. வேறு எவராலும் அந்த வானிலையில் அங்கே வழி கண்டிருக்க முடியாது எனப் பின்னர் மலையேறுநர்கள் கருதினர்.

இரவானது. கடினமான பகுதிகள் எல்லாம் கடந்து, மேய்ச்சல் நிலத்தை நெருங்கும் சரிவை அடைந்த பின்னரே அவருடைய தளர்ச்சி மற்ற இருவருக்கும் தெரிய வந்தது. நடை தடுமாறியது. அமர்ந்தார், பின் எழ இயலவில்லை. இருந்த மதுவைக் கொடுத்தும், கைகால்களைத் தேய்த்தும் பயன் இல்லை. சுமார் 2,900 மீட்டர் உயரத்தில், ஆபத்து முழுவதும் முடிந்துவிட்ட இடத்தில், கரெல் இறந்தார். சினிகாலியாவும் கொரேயும் பாதுகாப்பாகப் புரூய் சென்று சேர்ந்தனர்.

தளர்ச்சி அதற்கு வெகுநேரம் முன்பே தொடங்கியிருக்க வேண்டும். மேலேயே அதனை அவர் வெளிப்படுத்தியிருந்தால், மற்ற இருவரும் அவரை விட்டு அகல மறுத்து, மூவருமே இறந்திருக்கக்கூடும். அறுபது வயதைக் கடந்தவரை இத்தகைய ஏற்றத்திற்கு அழைத்தது சரியா என்ற கேள்வியும் எழுவது இயல்பே. ஆனால் அக்கால வழிகாட்டிகளுக்கு ஓய்வூதியம் ஏதும் கிடையாது. உடல் ஒத்துழைக்கும் வரை ஏறுவதே பிழைப்பு.

சினிகாலியா அந்த நாட்களைப் பற்றி விரிவாக எழுதி வைத்தார். கரெலின் இறுதி நாட்களைப் பற்றி நாம் அறிவது பெரும்பாலும் அவர் வழியாகவே. அவர் அதன் பின் 54 ஆண்டுகள் வாழ்ந்தார். யூதரான அவர், 1944 இல் நாட்சிப் படையினர் கைது செய்ய வந்தபோது மாரடைப்பால் இறந்தார்.

நினைவுகள்

கரெல் இறந்த இடத்தில் ஒரு சிலுவை நிறுவப்பட்டுள்ளது. இத்தாலியப் பக்கத்திலிருந்து மேட்டர்ஹார்ன் செல்வோர் அதனைக் கடந்தே மேலே செல்கின்றனர். 1865 இல் அவர் கண்டறிந்த மேற்குப் பக்கக் குறுக்குவழி கரெல் நடைக்கூடம் என்ற பெயரில் வழங்குகிறது. 1867 இல் மாக்கிஞாஸ் குடும்பத்தினர் நேர்வழி ஒன்றைக் கண்ட பின்னர் அதன் பயன்பாடு குறைந்துவிட்டது.

சிம்போராசோவில் சுமார் 4,850 மீட்டர் உயரத்தில் உள்ள தங்குமிடம் கரெல் சகோதரர்கள் என்ற பெயரைத் தாங்கியுள்ளது. ழான் அந்துவானும் லூயியும் உறவினர்களே அன்றி உடன்பிறந்தவர்கள் அல்லர். பெயர் மட்டும் அவ்வாறு நிலைத்துவிட்டது. அதற்கு மேலே சுமார் 5,000 மீட்டரில் விம்பர் பெயரிலான தங்குமிடம் உள்ளது. மலையின் மிக உயரமான குவடும் விம்பரின் பெயராலேயே அழைக்கப்படுகிறது.

எக்குவடோரின் பனி மலைகளில் வழிகாட்டியுடன் ஏறுவோர் இரு பயணிகளுக்கு ஒரு வழிகாட்டி என்ற அளவில் கயிற்றால் இணைந்து நள்ளிரவில் இங்கிருந்து புறப்படுவது வழக்கம். 1993 நவம்பரில் சிம்போராசோவில் ஏற்பட்ட பனிச்சரிவில் பத்து மலையேறுநர்கள் இறந்தனர். கொட்டோபாக்சி 2015 இல் மீண்டும் உயிர்த்தபோது அதில் மலையேற்றம் நிறுத்தப்பட்டு, 2017 இல் மறுபடி அனுமதிக்கப்பட்டது. பனியாறுகள் சுருங்கி வருவதால் பழைய பாதைகள் பலவற்றில் கற்கள் உருளும் இடர் கூடியுள்ளது. 1880 ஜனவரியில் சென்ற தென்மேற்குப் பாதையில் இப்போது பெரும்பாலும் எவரும் செல்வதில்லை. சிம்போராசோ ஏறும் குழுக்களில் பல, மேற்கில் உள்ள வெயின்டிமில்லா குவட்டுடனேயே திரும்பிவிடுகின்றன. அங்கிருந்து விம்பர் குவட்டிற்குச் செல்ல, கரெல்கள் பனியை அடித்து அமுக்கிக் கடந்த அதே சமவெளியைக் கடக்க வேண்டும். அன்றைய பனி தாங்குமா, நேரம் போதுமா என்பதை அவ்விடத்தில் நின்று தீர்மானிப்பவர் வழிகாட்டியே.